எல்லைக்கல்லில் நின்றதா கோனேட்டம்பேட்டைக் குரல்?

திருத்தணி பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

ஒரு பஸ் அரக்கோணத்துக்குப் போகும். அடுத்த பஸ் திருப்பதிக்குப் போகும். மொட்டை அடித்த தலையும் சந்தனமுமாக ஒரு குடும்பம் இறங்கும். அந்த அம்மாள் பூக்காரியிடம், "எந்தம்மா?" என்று தெலுங்கில் விலை கேட்பாள். பூக்காரி, "முழம் முப்பது" என்று தமிழில் பதில் சொல்லுவாள். பேரம் நடக்கும். பூ கை மாறும். இரண்டு மொழியில் பேசினோம் என்ற நினைப்பே இருவருக்கும் இராது.

பக்கத்து டீக்கடையில் பாட்டு கேட்கிறது. பாடுகிறவர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம். தமிழ்ப் பாட்டு. அது முடிந்ததும் இன்னொரு பாட்டு. அதுவும் அவர்தான். ஆனால் இது தெலுங்குப் பாட்டு. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பாலு எந்த ஊர்க்காரர்? பெரும்பாலோர் நெல்லூர் என்பார்கள். நெல்லூரில் அவருக்கு வீடு இருந்தது உண்மை. ஆனால் 4-6-1946 அன்று அவர் பிறந்தது, திருத்தணிக்குப் பக்கத்தில் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் உள்ள கோனேட்டம்பேட்டையில். தகப்பனார் சாம்பமூர்த்தி ஹரிகதை சொல்லுகிறவர்.

பாலு தமிழரா, தெலுங்கரா என்று சண்டை போட்டவர்கள் முன்பு உண்டு. இப்போது கேள்வி வேறு மாதிரி வந்துவிட்டது. அவர் இறந்து 3 ஆண்டுக்குப் பின், அவருடைய குரல் யாருக்குச் சொந்தம் என்று வக்கீல் நோட்டீசே போயிருக்கிறது! அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் ஊர்க் கதை.

ஒரே கிராமம், 3 ராஜ்யம்!

பாலு பிறந்தபோது கோனேட்டம்பேட்டை, பழைய சென்னை மாகாணத்தில் இருந்தது.

1953-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா அதில் சேர்ந்தது. திருத்தணியும் அதோடு போயிற்று. பள்ளிப்பட்டும் போயிற்று.

ம.பொ.சிவஞானம் விடவில்லை. "திருத்தணி தமிழருடையது" என்று வடக்கு எல்லைப் போராட்டம் நடத்தினார். இந்தப் பகுதியில் கிராமம் கிராமமாகத் தமிழ் வளர்த்த மங்கலங்கிழார் அவருக்குத் துணை நின்றார். ஜனங்கள் ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் படாஸ்கர் என்பவர் மத்தியஸ்தம் செய்தார். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி திரும்பி வந்தது. பள்ளிப்பட்டுப் பகுதியும் வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று.

14-1-1969 அன்று சென்னை ராஜ்யம் "தமிழ்நாடு" என்று பெயர் மாறியது.

கோனேட்டம்பேட்டையில் வீடு இருந்த இடத்தில் இருந்தது. கிணறும் இருந்த இடத்திலேயே இருந்தது. ராஜ்யந்தான் மாறி மாறி வந்தது.

சண்டையும் கண்ணீரும்

1953-ம் ஆண்டை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சென்னைப் பட்டணம் எங்களுக்கே என்று தெலுங்கர்கள் கோஷம் போட்டார்கள். கொடுக்கமாட்டோம் என்று தமிழர்கள் கோஷம் போட்டார்கள். இரு பக்கமும் ரத்தம் கொதித்த நேரம்.

அந்த ஆண்டில்தான் "தேவதாஸ்" வந்தது. ஜூனில் தெலுங்குப் படம் வெளியாயிற்று. செப்டம்பரில் தமிழ்ப் படம் வெளியாயிற்று. இரண்டிலும் நாகேசுவர ராவும் சாவித்திரியும் நடித்தார்கள்.

கதை எங்கிருந்து வந்தது? வங்காளத்தில் இருந்து. சரத் சந்திரர் எழுதிய நாவல் அது. 1917-ல் புத்தகமாக வந்தது. இசை அமைத்தவர் சி.ஆர்.சுப்புராமன். தமிழ்நாட்டுக்காரர். படம் வெளிவருமுன்பே, 1952-ல், இளம் வயதில் இறந்துபோனார். மீதி வேலையை முடித்தவர்கள் விசுவநாதனும் ராமமூர்த்தியும். நாயகனுக்குப் பாடியவர் கண்டசாலா. தெலுங்கர். தமிழிலும் அவரே பாடினார்.

கண்டசாலாவின் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கும். யாரும் குறை சொல்லவில்லை. குடிகாரன் பாடுகிற பாட்டில் உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டுமா என்று விட்டுவிட்டார்களோ என்னவோ!

பகலில் எல்லைக்காகச் சண்டை. இரவில் இரு சாராரும் ஒரே படத்தைப் பார்த்து அழுதார்கள். இதை நான் ஒரு வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எல்லைச் சண்டை பொய் என்றும் சொல்லவில்லை. திருத்தணிக்காக ஜெயிலுக்குப் போனவர்களின் வீட்டில் இன்றும் அது பெருமையான பேச்சு. நிலத்துக்குக் கோடு வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோட்டைப் பாட்டும் கதையும் மதிக்கவில்லை.

ஏன் மதிக்கவில்லை என்று கேட்டால், பாட்டுக்குத் தானாகக் கால் முளைக்கவில்லை. யாரோ ஒருவர் அடுத்தவர் மொழியைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தமிழைத் திருத்திக்கொண்டு வா!"

பாலு எஞ்சினியர் ஆக வேண்டும் என்று படித்தவர். அனந்தப்பூரில் கல்லூரியில் சேர்ந்தார். காய்ச்சலில் படிப்பு நின்றது. பிறகு சென்னைக்கு வந்து படித்தார். மேடையில் பாடுவார். எஸ்.பி.கோதண்டபாணி என்ற இசை அமைப்பாளர் அவரைக் கண்டு பிடித்தார். 1966-ல் தெலுங்குப் படத்தில் முதல் பாட்டு.

தமிழுக்கு வந்த கதைதான் சுவையானது. எம்.எஸ்.விசுவநாதன் முன்னால் போய்ப் பாடிக் காட்டினார். குரல் அவருக்குப் பிடித்துவிட்டது. தமிழ்தான் பிடிக்கவில்லை! உச்சரிப்பைச் சரி செய்துகொண்டு வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்.

வேறு ஒரு பையனாக இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பான். பாலு தமிழைத் திருத்திக்கொண்டு வந்தார். தெலுங்கில் "ழ" என்ற எழுத்தே இப்போது வழக்கில் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே "பழம்" என்பதைப் "பளம்" என்கிறார்கள். பிற்காலத்தில் பாலு பாடிய தமிழ்ப் பாட்டில் அந்தக் குற்றத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

1969-ல் "சாந்தி நிலையம்" வந்தது. "அடிமைப்பெண்" வந்தது. "அடிமைப்பெண்"ணில் எம்.ஜி.ஆருக்காக ஒரு காதல் பாட்டு. ஒத்திகை முடிந்ததும் பாலு டைபாயிடு காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு பாடகரை வைத்துப் பாட வைத்திருக்கலாம். எம்.ஜி.ஆர். காத்திருந்தார். எம்.ஜி.ஆர். படத்தில் பாடப்போகிறேன் என்று பையன் நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பான், அவனை ஏமாற்றக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். பாலு இதைப் பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

அந்தப் பாட்டில் கூடப் பாடியவர் பி.சுசீலா. விஜயநகரத்தில் பிறந்த தெலுங்கர். பாடிய இருவருக்கும் தாய்மொழி தமிழ் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் அதைப் பாடாத நாதசுரக்காரர் உண்டா? பின்னணிப் பாடகிக்கு மத்திய அரசு கொடுத்த முதல் தேசிய விருதும் சுசீலாவுக்குத்தான் கிடைத்தது. "உயர்ந்த மனிதன்" என்ற தமிழ்ப் படத்துக்காக!

எதிர்ப் பக்கமும் அப்படியே. "சங்கராபரணம்" தெலுங்குப் படம். அதில் பாலுவுக்குத் தேசிய விருது. இசை அமைத்த கே.வி.மகாதேவனுக்கும் விருது. அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பாடகி வாணி ஜெயராமுக்கும் விருது. அவர் வேலூரில் பிறந்தவர். கொடுத்த கடனைத் தமிழும் தெலுங்கும் வட்டியோடு தீர்த்துக்கொண்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்!

பாலு வாங்கிய தேசிய விருது 6. தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் என்று 4 மொழியில் வாங்கினார். தமிழில் "மின்சாரக் கனவு" படத்துக்காக. 2020-ம் ஆண்டு ஆகஸ்டில் கொரோனா நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். செப்டம்பர் 25-ந் தேதி இறந்தார். வயது 74. அடக்கம் நடந்தது தாமரைப்பாக்கம் தோட்டத்தில். பிறந்த கோனேட்டம்பேட்டையும், உறங்குகிற தாமரைப்பாக்கமும் இன்று ஒரே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன.

596 நாள்!

1978-ல் கே.பாலசந்தர் "மரோ சரித்திரா" எடுத்தார். டைரக்டர் தமிழர். நாயகன் கமலஹாசன் தமிழர். படம் தெலுங்கு.

தமிழ்ப் பையன். தெலுங்குப் பெண். பக்கத்து பக்கத்து வீடு. பெற்றோர் எதிர்ப்பு. கதை இவ்வளவுதான். திருத்தணி, நகரிப் பக்கத்தில் இந்தக் கதை நடக்காத தெரு எது?

இந்தப் படம் சென்னை சபையர் தியேட்டரில் 596 நாள் ஓடியது. டப்பிங் கிடையாது. தெலுங்கிலேயே ஓடியது. தெலுங்கு தெரியாத கல்லூரி மாணவர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, தெலுங்கு வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். இன்று நமக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா?

நாவலிலும் இது நடந்தது. எண்டமூரி வீரேந்திரநாத் தெலுங்கில் எழுதியவை சுசீலா கனகதுர்காவின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்து சக்கைப்போடு போட்டன. "துளசி தளம்" படித்துவிட்டு இரவில் கொல்லைப்பக்கம் போகப் பயந்த பெண்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. மொழிபெயர்த்தவர் பெயரை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? பாடகருக்குக் கிடைக்கிற கைதட்டலில் நூறில் ஒரு பங்குகூட மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைப்பதில்லை.

மலைக்கு இது பழைய கதை

திருத்தணி மலைக்கு 365 படி என்பது வழக்கு. ஆண்டின் நாளுக்கு ஒரு படி. டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழா. படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஜனங்கள் ஏறுவார்கள். வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கப் புத்தாண்டில் ஓடிய ஜனங்களை முருகனைப் பார்க்க வைக்க வேண்டும் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கியது இது.

முத்துசாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடியதும் இந்த மலையில்தான். முருகன் கிழவராக வந்து வாயில் கற்கண்டு போட்டார் என்பது பக்தர்கள் சொல்லும் கதை. அவர் திருவாரூர்க்காரர். பாடியது வடமொழியில். காவிரிக் கரையில் திருவையாற்றில் உட்கார்ந்துகொண்டு தியாகராஜர் பாடியதோ தெலுங்கில்.

தீட்சிதர் இன்னொன்றும் செய்தார். கும்பினிக்கார வெள்ளையரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு வடமொழியில் சாமிப் பாட்டு எழுதிவிட்டார்! அப்படிச் சுமார் 40 பாட்டு இருக்கிறது. ஆடிக் கிருத்திகையில் காவடி தூக்கி வருகிறவர்கள் சினிமா மெட்டில் முருகன் பாட்டுப் பாடினால், "இதெல்லாம் பக்தியா?" என்று மூக்கைச் சுளிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். தீட்சிதரை நினைத்துக்கொண்டு அவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

சடுகுடு, செடுகுடு

விளையாட்டையும் சேர்த்துப் பாருங்கள். நாம் சடுகுடு என்கிறோம். தெலுங்கர்கள் செடுகுடு என்கிறார்கள். பாடிக்கொண்டே எதிரி எல்லைக்குள் போக வேண்டும். மூச்சு விடாமல் திரும்பி வர வேண்டும். எல்லைக்கோடும் பாட்டும் சேர்ந்த விளையாட்டு இது ஒன்றுதான்!

2003-ல் "ஒக்கடு" என்ற தெலுங்குப் படம் வந்தது. நாயகன் கபடிக்காரன். அதுவே 2004-ல் தமிழில் விஜய் நடித்த "கில்லி" ஆயிற்று. ஐதராபாத்தும் கர்நூலும் போய், சென்னையும் மதுரையும் வந்தன. 2024-ம் ஆண்டு ஏப்ரலில் "கில்லி"யை மறுபடி திரையிட்டார்கள். 20 ஆண்டுப் பழைய படத்துக்குப் புதுப் படம்போலக் கூட்டம் அலைமோதியது.

நிஜக் கபடியில் நடப்பது இதைவிட வேடிக்கை. தொழில்முறைக் கபடிப் போட்டியில் "தெலுங்கு டைட்டன்ஸ்" என்று ஓர் அணி. "தமிழ்த் தலைவாஸ்" என்று ஓர் அணி. பவன் செராவத் என்ற வீரரைப் பெருந்தொகை கொடுத்து 2022-ல் தமிழ் அணி ஏலம் எடுத்தது. 2023-ல் தெலுங்கு அணி எடுத்தது. 2025-ல் மறுபடி தமிழ் அணி எடுத்தது. அவர் டில்லிக்காரர்! மொழியின் பெயர் சட்டையில் மட்டும் இருக்கிறது. ஏலத் தொகைதான் எல்லை தாண்டுகிறது.

செம்மரக் கதை

2021-ம் ஆண்டு டிசம்பரில் "புஷ்பா" வந்தது. 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. சேஷாசலம் காட்டில் செம்மரம் கடத்துகிறவன் கதை. கூலியாகத் தொடங்கி முதலாளி ஆகிறான். அல்லு அர்ஜுனுக்குத் தேசிய விருது கிடைத்தது. டப்பிங் செய்து தமிழ்நாட்டிலும் ஓட்டினார்கள். குழந்தைகள்கூட மோவாயைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள்.

தெலுங்குப் படத்தில் பேசுவது சித்தூர்ப் பேச்சு. நம் எல்லைப் பக்கத்துப் பேச்சு. அதன் ருசியே தனி. தமிழ் டப்பிங்கில் அந்த ருசி எனக்குக் கிடைக்கவில்லை. எந்த ஊரும் இல்லாத ஒரு தமிழ்தான் காதில் விழுந்தது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 7-4-2015 அன்று அதே சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்துத் தமிழ்க் கூலிகள். தாக்க வந்தார்கள், சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றார்கள் மனித உரிமைக்காரர்கள். நிஜத்தில் கூலி வாங்கி மரம் வெட்டினவன் முதலாளி ஆகவில்லை. அவன் மனைவி தாலி அறுத்தாள்.

சினிமா அதைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாட்டும் சண்டையும் பார்க்கத்தான் காசு கொடுக்கிறோம். ஆனால் தெலுங்கு தெரிந்த தமிழரும், தமிழ் தெரிந்த தெலுங்கரும் நிறையப் பேர் இருக்கிற எல்லையில், இரு பக்கத்துச் சோகத்தையும் தெரிந்து ஒரு கதை எழுத ஆள் இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

கம்ப்யூட்டர் பாடுகிறது

இப்போது அந்த வக்கீல் நோட்டீசுக்கு வருவோம்.

2023-ம் ஆண்டு கடைசியில் ஒரு தெலுங்குப் படம் வந்தது. அதில் பாலுவின் குரல் கேட்டது. இறந்து 3 ஆண்டு ஆனவர் எப்படிப் பாடுவார்? "ஏ.ஐ." என்ற செயற்கை நுண்ணறிவு செய்த வேலை. ஒருவருடைய பழைய பாட்டுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அது அந்தக் குரலைப் படித்துக்கொள்கிறது. பிறகு வேறு ஒருவர் பாடியதை அந்தக் குரலாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது.

பாலுவின் மகன் சரண் 2024-ல் நோட்டீஸ் விட்டார். குடும்பத்தைக் கேட்காமல் செய்தது தவறு என்பது அவர் வாதம்.

கேட்டுக்கொண்டு செய்தவர்களும் உண்டு. 2024-ல் "லால் சலாம்" படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான், காலமான பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகிய இருவர் குரலையும் இப்படிப் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு "வேட்டையன்" படத்தில் மலேசியா வாசுதேவன் குரல் மறுபடி ஒலித்தது. அவர் இறந்தது 2011-ல். 2024 ஜூலையில் பம்பாய் ஐகோர்ட்டு, பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரில் உண்டாக்கத் தடை போட்டது.

சட்டம் ஒரு வழிக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். அனுமதி, பணம், கையெழுத்து. அவ்வளவுதான். என் கவலை வேறு.

கோனேட்டம்பேட்டைப் பையன் தமிழைத் திருத்திக்கொள்ள அலைந்தார். சுசீலா அலைந்தார். சுசீலா கனகதுர்கா பக்கம் பக்கமாக உட்கார்ந்து எழுதினார். கம்ப்யூட்டருக்கு அந்த அலைச்சல் இல்லை. 2023 டிசம்பரில் காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் இந்தியில் பேசப் பேச, அது அப்போதைக்கப்போதே தமிழில் சொன்னது. நாளை எந்தப் பாட்டையும் எந்த மொழியிலும் எந்தக் குரலிலும் அது கொடுக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி எல்லாம் தமிழில் கிடைக்கும். நல்லதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற என் வீட்டுக் கிழவிக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அடுத்த வீட்டுக்காரன் மொழியை யார் கற்பார்கள்?

பஸ் நிலையத்துப் பூக்காரிக்கு ஒரு மகன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பூக்கூடைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் செல்போன். தெலுங்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது, தமிழ்க் குரலில்.

"தம்பி, உனக்குத் தெலுங்கு தெரியுமா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுங்க. எல்லாப் படமும் தமிழ்லேயே வந்துடுதே!" என்றான்.

அதற்குள் புத்தூர் பஸ் வந்து நின்றது. இறங்கிய அம்மாள் ஒருத்தி, "எந்தம்மா?" என்று கேட்டாள். பையன் செல்போனில் இருந்து தலையைத் தூக்கி, "அம்மா, உன்னைத்தான் கூப்பிடறாங்க" என்றான்.